வாசலில் அறப்பணி, ஆபீசுக்குள்ள நீல நோட்டு: இப்படிப்பட்ட பள்ளியில எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பாளை கணக்கு டீச்சர்:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில கணக்கு எடுக்கேன். பள்ளி பேரு வேண்டாம். 2021 ஜூன் 14-ல சேர்ந்தேன், இப்பம் 2026 ஜனவரி. வாசல்ல நுழைஞ்சதும் "ஆசிரியப் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி"ன்னு பெரிய எழுத்துல இருக்கும். திங்கட்கிழமை அசெம்பிளின்னா தாளாளர் நேர்மையைப் பத்திப் பேசாம இறங்க மாட்டாரு.

சம்பளம் பேங்க்ல 16,065 விழும். மறுநாள் அதுல 4,000-த்தை ரொக்கமா எடுத்துட்டுப் போயி ஆபீஸ்ல கொடுக்கணும். நீல அட்டை போட்ட நோட்டுல பேருக்கு நேரா ஒரு டிக். ரசீது கிடையாது. சேர்ந்த நாள்ல இருந்தே இப்படித்தான். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவங்க பீரோவுல. மே மாசச் சம்பளம் கிடையாது. இந்த வருஷம் ஏப்ரல்ல எல்லார்ட்டயும் ராஜினாமா எழுதி வாங்கிட்டு ஜூன்ல புது ஆர்டர் தரப்போறதா பேச்சு அடிபடுது.

போன மாசம் ஸ்டாஃப் மீட்டிங்ல "மனசுல உள்ளதைத் தாராளமா சொல்லுங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம்"னாங்க. பஸ் டியூட்டியை முறை போட்டுப் பிரிச்சுக்கலாமேன்னு கேட்டேன். அடுத்த வாரமே 29 பீரியடா இருந்தது 36 ஆயிட்டு, காலை 6.45 வண்டியும் என் தலையில வந்துட்டு. ராத்திரி பத்தரைக்கு குரூப்ல மெசேஜ் வரும். அன்னைக்கே பதில் போடலைன்னா காலையில எல்லாரு முன்னாலயும் பேரைச் சொல்லி ஏச்சு.

நான்தான் வேலைக்குச் சொணங்குதேனா, இல்ல இடமே இப்படியா? பேசாம எழுதிக் கொடுத்துட்டு வந்துரலாமா?

சந்திப்பிள்ளையார் முக்கு:

தங்கச்சி, கண்டிப்பும் வேஷமும் வெளியில இருந்து பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும். பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு.

கண்டிப்பான பள்ளியில விதி எழுத்துல இருக்கும். தாளாளர் வீட்டு மருமக அங்க டீச்சரா இருந்தாலும் லேட்டா வந்தா அதே சிவப்பு மை. வேஷம் போடுத இடத்துல நல்ல வார்த்தையெல்லாம் எழுத்துல இருக்கும், துட்டு சம்பந்தமான உத்தரவு மட்டும் வாய்வார்த்தையா வரும். உங்க பள்ளியில "அறப்பணி" சுவத்துல இருக்கு. நாலாயிரம் எந்தச் சர்க்குலர்லயும் இருக்காது, தேடிப் பாரு. எதை எழுத மாட்டேங்காங்களோ அதுதான் அவங்களே தப்புன்னு தெரிஞ்சு செய்யுதது.

பீரியடு விஷயத்துல அவசரப்பட்டு முடிவுக்கு வராதே. கணக்குக்கு இன்னொரு டீச்சர் உண்டா? அவங்களுக்கும் 34, 35 வருதுன்னா ஆள் பற்றாக்குறை, அது வேற பிரச்சினை. அவங்களுக்கு 28, உனக்கு மட்டும் 36-ன்னா அது தண்டனை. மீட்டிங்குக்கு முந்தின டைம்டேபிளையும் பிந்தினதையும் போட்டோ எடுத்து வை. நாலு வாரம் சப்ஸ்டிடியூஷன் பீரியடை யார் யாருக்கு எத்தனை போட்டாங்கன்னு எண்ணி எழுது. ஒரு வாரத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது. லீவு போட்டவங்க கணக்கு அதுல கலந்திருக்கும்.

"குடும்பம்"ங்குத வார்த்தையையும் கவனி. நீ கூடுதலா உழைக்க வேண்டிய நேரத்துல மட்டும்தான் அந்த வார்த்தை வருதா? மே மாசம் உலை வைக்க என்ன செய்வேன்னு யாராவது கேட்டாங்களா?

இன்னொண்ணு. ஸ்டாஃப் ரூம்ல நம்ம பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் இருக்கும். அதுவும் பாவம், பயத்துலதான் அந்த வேலையைச் செய்யும். அதுட்ட சண்டைக்குப் போகாதே. அது பக்கத்துல இருக்கையில பாடம், பிள்ளைங்க, சமையல் மட்டும் பேசு. நீ சொணங்கலை, தாயி.

கணக்குப்பிள்ளை:

துட்டு விஷயத்தை மட்டும் நான் சொல்லுதேன்.

கையில 16,065 விழுதுன்னா பேப்பர்ல உன் சம்பளம் 18,000. அதுல பி.எஃப். 1,800 (15,000-க்கு 12 சதவீதம்), இ.எஸ்.ஐ. 135 (18,000-க்கு 0.75 சதவீதம்) பிடிச்சிருக்காங்க. கணக்கு நேராத்தான் வருது. பேப்பர் சுத்தமா இருக்கணும்னுதான் மிச்சத்தை ரொக்கமா வாங்குதாங்க. 2021 ஜூன்ல இருந்து 2025 டிசம்பர் வரைக்கும் 55 மாசம், நாலு மே மாசத்தைக் கழிச்சா 51. மாசம் 4,000-ன்னா 2,04,000 ரூபா.

இப்பம் பி.எஃப். பாஸ்புக்கைத் திற. உமங் செயலியில பார்க்கலாம், இல்லாட்டி பதிவு பண்ணின செல்லுல இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தா இருப்பு மெசேஜா வரும். ஆனா மொத்த இருப்பு மட்டும் பத்தாது, மாசவாரி வரிசை வேணும். ஒவ்வொரு மாசத்துக்கும் மூணு தொகை இருக்கணும்: உன் பங்கு 1,800, நிர்வாகப் பங்கு 550, பென்ஷன் 1,250. கடைசி ரெண்டையும் கூட்டினா நிர்வாகம் போடுத 1,800. சில இடங்கள்ல ரெண்டு பக்கத்துப் பங்கையும் டீச்சர் சம்பளத்துலயே கழிச்சிருவாங்க. அது சட்டப்படி கூடவே கூடாது. உங்க பள்ளியில அந்த 4,000-த்துக்குள்ள இதுவும் அடங்குதான்னு ஆபீஸ்ல பேச்சுவாக்குல கேட்டுப் பாரு.

பாஸ்புக்ல மே மாசத்தைத் தனியாப் பாரு. ஏப்ரல் சம்பளத்துக்கான தொகை மே 15-க்குள்ள கட்டணும், அதனால மாசத்தை மாத்திப் படிச்சிராதே. "சம்பள மாதம்" மேன்னு உள்ள வரியில பணம் ஏறியிருந்தா, நீ அந்த மாசமும் வேலையிலதான் இருந்தேன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. ஏறலைன்னா, அதே யூ.ஏ.என்.-க்கு (உன் நிரந்தர பி.எஃப். எண்ணுக்கு) கீழ வேற ஒரு உறுப்பினர் எண் புதுசா முளைச்சிருக்கான்னு பாரு. முளைச்சிருந்தா முன்னமே உன்னை விலகினதாக் காட்டி மறுபடி சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம். வக்கீல்ட்ட முதல்ல காட்ட வேண்டிய பக்கம் அதுதான். பி.டி.எஃப்.-ஆ இறக்கி வீட்டுல வை.

4,000-த்துக்கு ரசீது கிடையாது, சரி. ஆனா தடம் உண்டாக்கலாம். சம்பளம் விழுந்த மறுநாள் ஏ.டி.எம்.-ல சரியா 4,000 மட்டும் எடு. வீட்டுச் செலவுக்கு வேணும்னா தனியா இன்னொரு தடவை எடு. 10,000-மா மொத்தமா எடுத்தா அந்தத் தடம் கரைஞ்சு போகும். பேங்க் ஸ்டேட்மெண்ட்ல மாசா மாசம் 16,065 வரவு, மறுநாள் 4,000 பற்றுன்னு வரிசையா நிக்கணும். உன்னைப் போலவே இன்னும் அஞ்சு டீச்சர் ஸ்டேட்மெண்ட்ல அதே நாள் அதே தொகைன்னா யாரும் மறுக்க முடியாது. ஒரு தடவை, "ரொக்கம் எடுக்க நேரமில்ல சார், செல்லுலயே அனுப்பட்டுமா"ன்னு வாட்ஸ்அப்ல கேளு. "வேண்டாம், கையில கொண்டா"ன்னு பதில் வந்தா அந்த ஒத்தை வரியைப் பத்திரமா வை.

நீல நோட்டைப் போட்டோ எடுக்கேன்னு ஆபீசுக்குள்ள போயி நிக்காதே. பள்ளி ரெஜிஸ்டர் எதையும் வெளிய கொண்டு வராதே. பிறகு பேச்சு அந்த நோட்டைப் பத்தி இருக்காது, உன் திருட்டைப் பத்தித்தான் இருக்கும்.

கொக்கிரகுளம் வக்கீல்:

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே தேதிதான் எல்லாம்.

நீங்கள் சேர்ந்தது 2021 ஜூன் 14. ஐந்து ஆண்டு முழுமையாவது 2026 ஜூன் 13. அன்றைக்குத்தான் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, தகராறில்லாமல் உங்களுடையதாகிறது. ஏப்ரலில் ராஜினாமா வாங்கும் பேச்சு ஏன் எழுகிறது என்று இப்போது புரியும். ஆசிரியருக்குக் கிராஜுவிட்டி கிடையாது என்று ஆபீசில் சொன்னால் நம்ப வேண்டாம். பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தத்தின்படி 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கு உண்டு. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போய் 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன.

கணக்கு இதுதான்: கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பேப்பரில் உள்ள 18,000-க்கு ஐந்து ஆண்டுக்கு 51,923 ரூபாய். அவர்கள் உயர்த்திக் காட்டிய பேப்பர் சம்பளம் இந்த ஒரு இடத்தில் உங்களுக்கு உதவுகிறது. நான்கு ஆண்டும் 240 நாளும் முடிந்தாலே ஐந்தாகக் கொள்ளலாம் என்று 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு உண்டு. ஏப்ரலில் விலக நேர்ந்தால் அது கைகொடுக்கும், ஆனால் வழக்காட வேண்டி வரும். ஜூன் 13 தாண்டினால் வழக்கே வேண்டாம். ஆகவே கோபத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள்.

தாளைக் கையில் திணித்துக் கையெழுத்துக் கேட்டால், "வீட்டில் கலந்துகொண்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அன்று மாலையே பள்ளி மின்னஞ்சலுக்கு இரண்டு வரி: இன்று இத்தனை மணிக்கு இன்னாருடைய அறையில் ராஜினாமா எழுதித் தரக் கேட்கப்பட்டது, நான் பணியில் தொடர விரும்புகிறேன். வேறொன்றும் வேண்டாம். தேதி போடாத தாளிலும் வெற்றுத் தாளிலும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்துக் கூடாது.

மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுப்பதையே அடுத்த குற்றமாக்குவார்கள். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதித் தேதியும் நேரமும் போடுங்கள். கொடுத்த கெடுவுக்குள் பதில் போக வேண்டும். நேரில் வாங்க மாட்டோம் என்றால் தபால். பதிவுத் தபால் இப்போது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால், கவுண்டரில் பதிவோடும் சேர்ப்புச் சான்றோடும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் சான்றுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். குரூப் உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அந்தச் செல்பேசியை விற்காதீர்கள். மின்னணுச் சான்றுக்கு இப்போது பாரதிய சாக்‌ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

எங்கே போவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லாக் குறையையும் ஒரே மனுவில் போட்டு எல்லாருக்கும் அனுப்பினால் ஒவ்வொரு அலுவலகமும் "இது எங்களுடையது அல்ல" என்று அடுத்ததற்குத் தள்ளும். பி.எஃப். குறை என்றால் என்.ஜி.ஓ. காலனியில் உள்ள வருங்கால வைப்பு நிதி அலுவலகம், அல்லது அவர்களுடைய இணையக் குறைதீர்ப்புத் தளம். கிராஜுவிட்டி என்றால் தொழிலாளர் துறை. பணி நிபந்தனை, சம்பளத்தைத் திருப்பி வாங்குவது போன்றவை தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு, நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. பணிநீக்கம் என்றால் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள்: ஆசிரியர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தெரியாமல் இரண்டு ஆண்டு அங்கே அலைந்து திரும்பியவர்கள் உண்டு. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும், பிறகு பின்தொடர அது உதவும்.

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அம்பை புது டீச்சர்:

இடையில கேக்கேன், மன்னிச்சிருங்க. நான் வேற பள்ளி. மூணு மாசம் முழுகாம இருக்கேன். "பிரசவத்துக்கு முன்னால விலகிரு, பிள்ளை பெத்துட்டு வா, இடம் உண்டு"ன்னு கரிசனமாத்தான் சொல்லுதாங்க. நம்பலாமா மைனி?

கணக்குப்பிள்ளை:

கரிசனமாச் சொன்னாலும் விலகாதே தாயி. இ.எஸ்.ஐ. பிடிக்காங்களான்னு முதல்ல பாரு. சம்பளம் 21,000-க்குள்ளன்னா பிடிச்சிருக்கணும். பிடிச்சிருந்தா, முந்தின ரெண்டு பங்களிப்புக் காலத்துல (ஒரு காலம்னா ஆறு மாசம்) சேர்ந்து 70 நாள் சம்பளம் வாங்கியிருந்தாப் போதும். முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.-யே கொடுக்கும். பள்ளிக்கு அதுல ஒரு பைசா செலவில்ல. ஆபீஸ்ல இதை எடுத்துச் சொன்னாலே பாதிப் பேரு விலகச் சொல்லுததை விட்டிருவாங்க, அவங்களுக்குத் தெரியாமத்தான் சொல்லுதாங்க. நீ ராஜினாமா கொடுத்துட்டா அந்த நாள் கணக்கு இடையிலயே நின்னுரும். இ.எஸ்.ஐ. இல்லைன்னாலும் மகப்பேறு உரிமை சட்டத்துலயே இருக்கு: முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா அதே 26 வாரத்தைப் பள்ளி கொடுக்கணும். அந்த லீவுல இருக்கையில வேலையை விட்டு நிறுத்தக் கூடாது.

தாமிரவருணிக் கரை:

ஜூன் வரைக்கும் அஞ்சு மாசம் உள்ளேயே இருக்கணும்னு ஆயிட்டு. அதை உடம்பு தாங்கணும், அதனால அதைப் பத்திச் சொல்லுதேன்.

ராத்திரி மெசேஜ்: குரூப்பை ஒன்பது மணிக்கு மேல சத்தமில்லாம வை. காலையில ஆறரைக்குப் பதில்: "இப்பந்தான் பார்த்தேன் சார், முதல் பீரியடுக்குள்ள கொடுத்திடுதேன்." மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். முதல் ரெண்டு வாரம் ஏச்சு கூடும். மூணாவது வாரம், இவ காலையிலதான் பதில் போடுவான்னு அவங்க மனசுல பதிஞ்சிரும். ஒரு நாள் போட்டு ஒரு நாள் போடாம இருந்தாத்தான் ஏச்சு நிக்கவே நிக்காது.

எல்லாரு முன்னாலயும் பேரைச் சொல்லி ஏசும்போது அங்கேயே பதில் பேசாதே. சத்தத்துக்குச் சத்தம் போட்டா, பிறகு உன் குரல்தான் பேச்சா இருக்கும், அவங்க சொன்னது மறைஞ்சு போகும். பக்க எண் போட்ட, தைச்ச நோட்டு ஒண்ணு வாங்கு. அன்னைக்குச் சாயங்காலமே தேதி, நேரம், இடம், அவங்க சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் இருந்தாங்க, இவ்வளவும் எழுது. "கேவலமாப் பேசினாரு"ன்னு எழுதாதே. என்ன வார்த்தையோ அதை எழுது. இது சான்றும் ஆகும், மண்டைக்குள்ள ராத்திரி முழுக்க ஓடுததை இறக்கி வைக்கவும் உதவும்.

36 பீரியடோட நோட்டுத் திருத்தமும் சேர்ந்தா முதுகு ஒடியும். ஒரு வகுப்புக்கு 40 பிள்ளைன்னா 40 நோட்டையும் ஒரே நாள்ல அள்ளாம, வரிசைக்கு ஒரு நாள்னு பத்துப் பத்தா வாங்கு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதே. கோபத்தைப் பிள்ளைங்க மேல இறக்கிராதே. இது ஒண்ணுதான் பிறகு எந்தச் சட்டத்தாலயும் சரிபண்ண முடியாதது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயித்தைப் பிரட்டுது, தூக்கம் மூணு மணிக்கே கலைஞ்சிருது, வீட்டுல தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுதே, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல நீண்டா ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல ஒரு ஓ.பி. சீட்டுப் போடு. போக முடியலைன்னா அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். அந்த நெலமையில ஜூன் கணக்கெல்லாம் பார்க்காதே. 51,923-ஐ விட நீ பெருசு. வக்கீல் அண்ணாச்சி சொன்ன 240 நாள் வழி அதுக்குத்தான் இருக்கு.

வேற வேலையையும் இப்பமே தேடத் தொடங்கு. பாளையில நல்ல பள்ளிங்க பிப்ரவரி, மார்ச்லயே டெமோ கிளாஸ் கூப்பிட ஆரம்பிச்சிருவாங்க. ஜூன் நடுவுலதான் சேர முடியும்னு முதல்லயே சொல்லிரு. டெமோவுக்குப் போகையில நீயும் அந்த இடத்தைப் பரிசோதி: மே மாசச் சம்பளம் உண்டா, சர்டிபிகேட் ஒரிஜினல் பார்த்துட்டுத் திருப்பித் தருவீங்களான்னு கேளு. ஸ்டாஃப் ரூம்ல அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கவங்க எத்தனை பேருன்னு விசாரி. பழைய பள்ளி அனுபவச் சான்று தர மாட்டேன்னு மிரட்டினா பயப்படாதே. நியமன ஆர்டர், சம்பளம் ஏறின ஸ்டேட்மெண்ட், பி.எஃப். பாஸ்புக் மூணும் சேர்ந்தாலே அனுபவத்தைக் காட்டிரும்.

பாளை கணக்கு டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாஸ்புக் திறந்து பார்த்தேன். ஒரே உறுப்பினர் எண்தான், நாலு மேயிலயும் பணம் ஏறியிருக்கு. இன்னொரு கணக்கு டீச்சருக்கு 28 பீரியடு. சர்டிபிகேட்டை மட்டும் எப்படிக் கேக்கதுன்னு தெரியலை. "தொலைஞ்சு போச்சு"ன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்து வேற நகல் வாங்கிரலாம்னு ஒருத்தங்க சொல்லுதாங்க.

கொக்கிரகுளம் வக்கீல்:

அதைச் செய்யாதீர்கள். பீரோவில் இருப்பது தெரிந்தே தொலைந்ததாக எழுதிக் கொடுத்தால் பொய்ப் புகார் ஆகிவிடும், பிறகு அவர்கள் கை ஓங்கும். சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைக்க உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நேராகக் கேளுங்கள்.

மே மாதத்தில் பணம் ஏறியிருப்பது பெரிய பலம். அந்தப் பக்கங்களை அச்செடுத்து வையுங்கள்.

கடிதம் அரைப்பக்கம் போதும். தாளாளருக்கு. "2021 ஜூன் மாதம் பணியில் சேர்ந்தபோது சரிபார்ப்புக்காக ஒப்படைத்த என் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.எஸ்சி., பி.எட். ஒவ்வொன்றையும் சான்றிதழ் எண்ணோடு தனித்தனி வரியில் எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் ஜெராக்ஸ் பிரதியில் இருக்கும், டிஜிலாக்கரிலும் கிடைக்கலாம். "இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள்" என்று கெடு. குற்றச்சாட்டு, நாலாயிரம், பஸ் டியூட்டி எதுவும் இதில் வரக் கூடாது. சான்றிதழ் அங்கே இருப்பதை அவர்கள் பதிலிலேயே ஒப்புக்கொள்ள வைப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

உங்களைப் போலவே கேட்கிறவர்கள் நான்கு பேர் இருந்தால் கூட்டு மனு வேண்டாம், முதலில் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விடியும். நான்கு பேரும் தனித்தனிக் கடிதமாக ஒரே நாளில் கொடுங்கள். பதினைந்து நாளில் வரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், கடைசியாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கிளார்க் கையெழுத்துப் போட்டாலும் சரிதான். முத்திரை தர மாட்டோம் என்றால் வாக்குவாதம் வேண்டாம். அப்படியே பாளை தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய், மூன்றாவதாக ஒரு பிரதி எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.